இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

இது நடந்தது. ஜோடித்த கதை இல்லை. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம், அதனால் நடந்தது நடக்காமல் போய்விடாது. அமலா இதை எனக்குச் சொன்ன அன்று ஒரு காகிதக் கட்டையும் மேசைமேல் வைத்தாள். அதில் ஒவ்வொரு வரியிலும் மணி, நிமிடம், விநாடி இருந்தது. படித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து யாராவது கதவை மூன்று முறை தட்டினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் நள்ளிரவு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மாலை மணி 5:42. ஜாலான் புசார் சாலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம்.

அமலாவுக்கு முப்பத்தெட்டு வயது. வீடு உட்லண்ட்ஸில். ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்த்தாள். முதலாளி ஞானசேகரன். அவரையும் சேர்த்து மொத்தமே ஐந்து பேர். கீழே இரும்புச் சாமான் கடை. குழாய் அறுக்கும் சத்தமும் இரும்பைத் தட்டும் சத்தமும் நாள் முழுக்க மாடிக்கு வரும். பழகிப்போய் யாருக்கும் அது காதில் விழுவதே இல்லை.

துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே கப்பலின் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் ஆட்கள் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். உள்ளே நச்சுக்காற்று இருக்கும், காற்றே இல்லாமலும் போகும். அதனால் யார் உள்ளே, யார் வெளியே என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதியவள் அமலா. பைத்தான் மொழியில் எழுதியது. இறங்கும்போது தொட்டி வாயில் இருக்கும் கருவியில் ஒவ்வொருவரும் தன் எண் போட்ட அட்டையைத் தொட வேண்டும். ஏறி வந்ததும் மறுபடி தொட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை திரையில் தெரியும். அது பூஜ்யம் ஆன பிறகுதான் தொட்டியை மூடலாம், ஆட்கள் லாரியில் ஏறலாம்.

அந்த புரோகிராம்தான் ஒரு மாதமாகத் தினமும் மாலையில் நின்றுபோனது. சரியாக 5:42-க்கு நிற்கும். பதினொரு நிமிடம் அசையாது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

யார்டின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் சேக் தாவூது தினமும் அழைத்தார்.

"மேடம், இன்னைக்கும் நின்னுடுச்சு. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. அதான் எனக்குப் பயம்."

"எத்தனை மணிக்கு, பாய்?"

"அஞ்சு நாப்பத்திரண்டு. நேத்து மாதிரியே."

ஞானசேகரனுக்கு வேறு பயம். "திங்கக்கிழமை பெரிய கப்பல் வருது. அறுபத்து நாலு பேர் ஒரே நேரத்துல இறங்கப் போறாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா நம்மள மாத்திடுவாங்க. எப்படியாச்சும் பார்த்து முடி லா."

அமலாவின் மனதில் ஓடியது அந்தப் பதினொரு நிமிடம்தான். அறுபத்து நாலு பேர் தொட்டிக்குள். ஒருவர் மயங்கி விழுந்தால் அந்தப் பதினொரு நிமிடமும் மேலே இருக்கும் யாருக்கும் தெரியாது. அவள் எழுதிய புரோகிராம், அவள் தலையில்தான் விடியும்.

நிறுத்திவிட்டுச் சோதிக்கலாம் என்றால் முடியாது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது அதை நிறுத்தினால் எண்ணிக்கை போய்விடும். ஆனால் ஓடும் புரோகிராமை நிறுத்தாமல், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், வெளியிலிருந்து ஒட்டுக்கேட்க ஒரு வழி உண்டு. டிரேசிங் என்பார்கள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பதுபோலத்தான். புரோகிராம் என்பது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு, அது எழுதப்பட்ட வரி எண் உண்டு. ஒரு வேலைக்குள் போகும்போது திரையில் 'நுழைவு' என்று ஒரு வரி விழும். முடித்துவிட்டு வரும்போது 'திரும்பல்' என்று ஒரு வரி. யாருடைய அட்டைக்காக அந்த வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி அமலா அமைத்துக்கொண்டாள்.

நுழைந்ததெல்லாம் திரும்ப வேண்டும். அதுதான் கணக்கு.

செவ்வாய்க்கிழமை. மாலை 5:30-க்கு உட்கார்ந்தாள். புரோகிராம் ஓடும் கறுப்புப் பெட்டி அவளுக்குப் பின்னால் மூலையில், ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. திரையில் வரிகள் சோடி சோடியாக ஓடின. நுழைவு, திரும்பல். நுழைவு, திரும்பல். 5:41 வரை எல்லாம் சரி.

5:42:07.

நுழைவு. வேலை: 'அனைவரும் வெளியே'. வரி 212. அட்டை 3186.

திரும்பல் வரவில்லை.

ஒரு விநாடியில் இன்னொரு நுழைவு. அதே வேலை, அதே அட்டை. அடுத்த விநாடியில் இன்னொன்று. பிறகு ஏழு விநாடி ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மூன்று. மறுபடி ஏழு விநாடி மௌனம். இப்படியே 5:53:11 வரை. மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று நுழைவுகள். ஒரு திரும்பல்கூட இல்லை.

அமலாவுக்கு அப்போது பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அந்த வேலையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முன்பு ஆட்கள் களைத்துப்போய் வெளியே வரும்போது அட்டையைத் தொட மறந்துவிடுவார்கள். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. யார்டிலிருந்து ஃபோர்மன் யாராவது அழைப்பார்: 'எல்லாரும் வந்துட்டாங்க மேடம், இது மட்டும் மூணுன்னு காட்டுது.' அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய்ச் சரிசெய்வாள். தினமும் இதே ரோதனை. ஒருநாள் பொறுக்க முடியாமல் திரையில் ஒரு பட்டன் வைத்தாள். அதை அழுத்தினால் மிச்சம் இருக்கும் எல்லாரும் வெளியே வந்துவிட்டதாகப் பதிவாகும். இருபது நிமிட வேலை. ஃபோர்மன்களுக்கு ஒரே சந்தோஷம்.

போன வருடம் ஞானசேகரன் அந்தப் பட்டனை எடுத்துவிடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பட்டன் போய்விட்டது. பட்டனுக்குப் பின்னால் இருந்த வேலை மட்டும் 212-ஆவது வரியில் சும்மா கிடந்தது. அதைக் கூப்பிட இப்போது எதுவுமே இல்லை.

ஏதோ மிச்சம் மீதி எங்கிருந்தோ அதைக் கிளப்புகிறது என்று நினைத்தாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, யாரும் இறங்குவதற்கு முன், அந்த வேலையையும் அதற்காக மேலே எழுதியிருந்த வரிகளையும் அடியோடு அழித்தாள். கோப்பு 190 வரிகளாகச் சுருங்கியது. புரோகிராமைப் புதிதாக ஓடவிட்டாள். அன்று பகல் முழுக்க நிம்மதியாக இருந்தாள்.

மாலை 5:42:07.

நுழைவு. 'அனைவரும் வெளியே'. வரி 212. அட்டை 3186.

கோப்பைத் திறந்து பார்த்தாள். கடைசி வரி 190. அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். 190. பக்கத்துத் திரையில் 212, 212, 212 என்று விழுந்துகொண்டிருந்தது.

கீழே கடையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். மூன்று தட்டு. பிறகு சத்தம் இல்லை. பிறகு மூன்று. அமலா திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி விழுந்தது... தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை 3186-ஐத் தேடினாள். யார்டின் இப்போதைய பட்டியலில் அந்த எண்ணே இல்லை. பழைய பதிவில் இருந்தது. கோவிந்தசாமி, வயது 46, ஊர் பட்டுக்கோட்டை. பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. உள்ளே போனது பிற்பகல் 2:15. வெளியே வந்தது மாலை 5:42:07.

பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அன்று அந்தத் தொட்டிக்குள் ஒருவர் இறந்துபோனார். இரவு கப்பல் கிளம்ப வேண்டும் என்று தொட்டியை மூடி போல்ட் போட்டுவிட்டார்கள். ஆள் தங்கும் டார்மிட்டரிக்கு வரவில்லை என்று கூட இருந்தவர்கள் தேடவும், 10:20-க்குத் திறந்து பார்த்தார்கள். விசாரணை நடந்தது. வெளியே வந்தவர் அனுமதி இல்லாமல் மறுபடி இறங்கியிருக்கிறார், தவறு அவருடையது என்று முடிந்தது. வெளியே வந்ததற்குப் பதிவு இருந்தது அல்லவா. 'நம்ம ரெக்கார்டு பக்காவா இருந்துச்சு' என்று ஞானசேகரன் விசாரணை முடிந்த அன்று எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அமலாவும் சாப்பிட்டாள். அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை.

அந்தப் பதிவின் அடியாழத்துக்குப் போய்ப் பார்த்தாள். அட்டையைத் தொட்டால் எந்தக் கருவியில் தொட்டார் என்று ஒரு எண் விழும். பட்டனை அழுத்தினால் அந்த இடம் காலியாக இருக்கும். அவள் வைத்த ஏற்பாடுதான்.

உள்ளே போனது: கருவி 4.

வெளியே வந்தது: காலி.

கோவிந்தசாமி அட்டையைத் தொடவே இல்லை. அவர் வெளியே வரவே இல்லை. யாரோ அவசரத்தில் பட்டனை அழுத்தினார்கள், எண்ணிக்கை பூஜ்யம் ஆனது, தொட்டியை மூடினார்கள். இருபது நிமிடத்தில் எழுதிய பட்டன். அமலா கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"அண்ணே, கோவிந்தசாமி அட்டையைத் தொடவே இல்ல."

ஞானசேகரன் தலை நிமிரவில்லை. "தெரியும்."

"எப்போலேருந்து?"

"அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சு லா. தோண்டாத. அஞ்சு குடும்பம் இங்க சாப்பிடுது."

"அவர் ரூல் மீறிட்டார்னு எழுதிட்டாங்களே அண்ணே."

"செத்தவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது? நீ திங்கக்கிழமை வேலையைப் பாரு."

வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கெல்லாம் ஞானசேகரன் கிளம்பிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அமலா மட்டும் இருந்தாள். 5:30-க்கு டிரேசிங்கைத் தொடங்கினாள். வெளியே பேருந்துகள் போயின. யாரோ காரில் ஹாரன் அடித்தார்கள். சன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்திருந்தது.

ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

5:42:07.

நுழைவு. 212. 3186.

தட்டு. தட்டு. தட்டு.

கீழே கடையில் தட்டுகிறார்கள் என்று நினைத்தாள்.

பிறகுதான் உறைத்தது. காலையிலேயே கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. கடை முதலாளி வீட்டில் கல்யாணம் என்று தாள் ஒட்டியிருந்தார்கள். இன்று நாள் முழுக்கக் கீழே ஒரு சத்தமும் இல்லை.

ஏழு விநாடி.

தட்டு. தட்டு. தட்டு.

கீழே இல்லை.

முதுகுக்குப் பின்னால்.

அந்த இரும்பு அலமாரி... உள்ளேயிருந்து.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. டீசல் வாடை வந்தது.

5:44.

தட்டு. தட்டு. தட்டு.

அலமாரிக் கதவின் கைப்பிடி ஆடும் சத்தம் கேட்டது.

திரையில் 212... 212... 212...

5:45. கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தட்டு. தட்டு.

மூன்றாவது வரவில்லை.

யாரோ காத்திருப்பதுபோல் இருந்தது.

"நான்தான் அந்தப் பட்டனை வச்சேன்," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "நீங்க வெளிய வரலன்னு நான் போய்ச் சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

மௌனம்.

5:46:31.

திரும்பல். வரி 212. அட்டை 3186.

ஒரே ஒரு வரி.

அவ்வளவுதான். மற்ற வரிகள் பழையபடி சோடி சோடியாக ஓடத் தொடங்கின. கைபேசி அடித்தது. சேக் தாவூது.

"மேடம், இன்னைக்கு நாலு நிமிஷத்துல ஓடிடுச்சு. சரி பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, பாய்," என்றாள் அமலா. "திங்கக்கிழமை காலையில பண்ணிடுவேன். அதுவரைக்கும் இதை மட்டும் நம்பாதீங்க. ஆளுக்கொரு நம்பர் வில்லை கொடுத்து, இறங்கும்போது தொட்டி வாசல் பலகையில மாட்டி, ஏறினதும் எடுத்துக்கச் சொல்லுங்க. திங்கக்கிழமையும் அப்படியே செய்யுங்க."

திங்கட்கிழமை காலை அவள் வேலைப் பாதுகாப்பு அதிகாரிகளைப் போய்ப் பார்த்தாள். பட்டனைப் பற்றி, காலியாக இருந்த இடத்தைப் பற்றி, ஞானசேகரன் சொன்னதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் விழுந்த வரிகளை அச்சடித்த காகிதக் கட்டின் நகலையும் கொடுத்தாள். அலமாரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். அன்று அறுபத்து நாலு பேர் இறங்கினார்கள், அறுபத்து நாலு பேரும் ஏறினார்கள். 5:42-க்கு புரோகிராம் நிற்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை.

அமலாவுக்கு வேலை போனது. இப்போது தெம்பனிஸில் வேறு ஒரு அலுவலகம். மூன்று மாதம் கழித்து, கோவிந்தசாமி விதியை மீறவில்லை, அவர் தொட்டியை விட்டு வெளியே வரவே இல்லை என்று பதிவு திருத்தப்பட்டது. வாக்குமூலத்தில் கடைசிக் கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நிவேதிதா என்ற இளம் அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றாள் நிவேதிதா. "உங்க பேப்பர்ல மூணு மூணா வருது. 5:53:11-ல நிக்குது. இதே மாதிரி வேற ஒருத்தர் சொல்லியிருக்கார். அன்னைக்கு மேல்தளத்துல வேலை பார்த்த வொர்க்கர். இரும்பைத் தட்டுற சத்தம் மூணு மூணா கேட்டுச்சு, பக்கத்துக் கப்பல்ல வேலைன்னு நினைச்சேன், லாரி கிளம்புற வரைக்கும் கேட்டுச்சுன்னு. லாரி யார்டு கேட்டைத் தாண்டினது 5:53."

அமலா தாளில் 5:53:11 இருந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"தொட்டி மூடியோட உள்பக்கத்துல அடி விழுந்த தடமும் இருக்கு. இரும்பால அடிச்சது. ஆனா எண்ணெய்த் தொட்டிக்குள்ள இரும்பு கொண்டுபோகவே கூடாது, பொறி பறக்கும். அவர்கிட்ட இருந்தது பிளாஸ்டிக் சுரண்டி மட்டும்தான். அதுவும் அவர் கிடந்தது அடியில, மூடிக்கு ஆறு மீட்டர் கீழ."

"அவர் ஏறி வந்து தட்டிட்டு..."

"இல்ல." நிவேதிதா ஒரு தாளைத் திருப்பி வைத்தாள். "அவர் சட்டையில காற்றை அளக்குற மீட்டர் மாட்டியிருந்துச்சு. அசைவையும் அது பதிவு பண்ணும். கடைசி அசைவு 5:44:19. அதுக்கப்புறம் அவர் ஒரு விரலைக்கூட அசைக்கல."

5:44:19. தட்டும் சத்தம் நின்றது 5:53:11. நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம்.

அந்தத் தொட்டிக்குள் வேறு யாரும் இறங்கவில்லை. வேறு யாருடைய உடலும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமலா தேக்கா பக்கம் போனாள். புல்வெளி முழுக்க விடுமுறை நாளில் ஊருக்குக் கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் தொழிலாளர்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஓரமாக நின்றுகொண்டு, சேக் தாவூது வாங்கிக் கொடுத்த எண்ணை அழுத்தினாள். கோவிந்தசாமியின் மனைவி பாக்கியலட்சுமி எடுத்தார். அமலா தான் யார் என்று சொன்னாள். பட்டனைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள்.  திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"கடுதாசி வந்துச்சு தங்கச்சி," என்றார் பாக்கியலட்சுமி. "அவரு தப்பு செய்யலன்னு போட்டிருக்கு. சொல்றதை மீற மாட்டாருன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

"கேளுங்க அக்கா."

"கடைசி நேரத்துல அந்த இருட்டுக்குள்ள தனியாவா கெடந்தாரு?"

அமலா இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கைபேசியில் மணியைப் பார்த்தாள். 5:42.

"இல்லக்கா," என்றாள். "கூட யாரோ இருந்தாங்க."